பேர் போட்ட பாட்டு

ஈசூன்
6 ஜனவரி 2025

முத்தாயி அண்ணிக்கு,

தாரணி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து நவம்பரில் ஓய்வு பெற்றுவிட்டேன்.

உங்கள் தம்பி போய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நீங்களும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதைக் கிளற இந்தக் கடிதம் எழுதவில்லை, பயப்படாதீர்கள். ஒரு காரியமாக எழுதுகிறேன்.

மரபுக் கலைகளைக் கற்றுக்கொள்ள இங்கே ஒரு நிதியம் உதவி தருகிறது. கலைஞரும் கற்றுக்கொள்பவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். எட்டு மாதப் பயிற்சி, முடிவில் தேக்கா பக்கத்து மண்டபத்தில் மேடை. உறுமி, சிலம்பம், பொய்க்கால் குதிரை எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது. ஒப்பாரிக்கு ஒருவரும் வரவில்லை. சிங்கப்பூரில் ஒப்பாரி என்றால் உங்கள் பேர்தான் சொல்கிறார்கள். நான் உங்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். எனக்கு ஐம்பத்தாறு, உங்களுக்கு ஐம்பத்தொன்பது. இரண்டு கிழவிகளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சி நடக்கும் மாதங்களில் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் தமிழில், கைப்படக் கடிதம் எழுத வேண்டும். அதன் நகலை அவர்கள் கோப்பில் வைப்பார்கள். நிதியத்து அதிகாரி திவ்யதர்ஷினி என்று ஒரு சின்னப் பெண். “வாட்ஸ்அப் வேணாம் ஆன்ட்டி, லெட்டர்னா ஃபைல்ல அழகா இருக்கும் லா” என்றாள்.

உங்கள் சம்மதத்தை எழுதுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி,
தாரணி


உட்லண்ட்ஸ்
19 ஜனவரி 2025

அடி தாரணி,

உன் கடிதம் வந்தது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன், எனக்கு என்ன கேடு. காலையில் உணவங்காடியில் தட்டு எடுக்கிற வேலை, யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் பாட்டு வேலை. நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் வாயைத் திறக்காதவள் இன்றைக்கு அழக் கற்றுக்கொள்ள வருகிறாயாக்கும்! என் தம்பி வேலாயுதம் செத்துக் கிடந்த அன்றைக்கு நீ ஒரு சொட்டு விட்டாயா? நாற்காலியில் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தாய். சனம் அதைத்தான் பேசியது. நான் பாடியது உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். இருக்கட்டுமே. இழவு வீட்டில் வயிறு எரிந்தால் வாயில் வருவது வரத்தான் செய்யும்.

ஆனாலும் உன்னை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. எனக்குப் பிறகு இதை வாங்கிக்கொள்ள ஒரு நாய் இல்லை. வா. ஆனால் என் கட்டுத்திட்டம் இதுதான், அந்த அதிகாரிப் பிள்ளைக்கும் சேர்த்து எழுதுகிறேன். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக் கூடாது, வெளியேதான் பழக வேண்டும். உயிரோடு இருக்கிறவர்கள் பேரைப் பாட்டில் போடவே கூடாது. ஒப்பாரியில் சொன்ன சொல்லுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது, மாமியாரைத் திட்டினாலும் நாத்தனாரைத் திட்டினாலும் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பேர் போட்டு ஆரம்பித்த பாட்டைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் அது அந்தப் பேரின் மேலேயே தொங்கும் என்று என் அம்மா சொல்வாள். நான் அதை மீறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கடலோரப் பூங்காவுக்கு வந்துவிடு. வரும்போது கடலை வாங்கி வா.

முத்தாயி


ஈசூன்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

போன ஞாயிறு உங்களுக்கு இருமல் இருந்ததே, விட்டதா? எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பாடிப் பாடித்தான்.

மூன்று மாதத்தில் கற்றதை எழுதச் சொல்லித் திவ்யதர்ஷினி இரண்டு முறை கேட்டுவிட்டாள். நான் எழுதியது இதுதான். முதல் நாள் கடலோரத்தில் நீங்கள் குரல் எடுத்ததும், மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய் மாமா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண் நின்று, டிஷ்யூ பாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். யாரும் சாகவில்லை என்று அவர்களிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நீங்கள் பாட்டுக்கு நடுவிலேயே கடலையை வாயில் போட்டுக்கொண்டு, “அடுத்த அடி எடுடி” என்றீர்கள்.

அன்றைக்கு, உனக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பாட்டைப் பாடு என்றீர்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். பாடினேன்.

வெள்ளிச் செம்பெடுத்து வேளைக்குத் தண்ணி தர
வீட்டுல ஆளில்லையே, என் கூடப் பொறந்தவனே
நாலு மணி நேரம் நீ நாதியத்துக் கெடக்கையிலே
எந்தத் தெருவுல எவ ஊரு சுத்தப் போனாளோ

உங்கள் தம்பிக்கு நீங்கள் பாடியது. ஐந்தாவது மாடியிலிருந்து வந்தவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்த பாட்டு. நீங்கள் கடைசிவரை கேட்டுவிட்டு, “மூச்சு சரியா இருக்கு, மூணாவது அடியில இன்னும் கொஞ்சம் இழு” என்றீர்கள். அதன்படியே இப்போது இழுக்கிறேன். சரியாக வருகிறது.

நீங்கள் கொடுத்த பழைய கைபேசியில் முப்பத்தாறு பாட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். முப்பத்தோராவது பாட்டில்தான் ஒரு சந்தேகம். அதில் திலீப் என்று பேர் வருகிறது. நம் திலீப்பா, வேறு யாராவதா? கோப்பில் யாருடைய சாவுக்குப் பாடியது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டும்.

இஞ்சித் தண்ணீர் குடியுங்கள்.

தாரணி


உட்லண்ட்ஸ்
24 ஏப்ரல் 2025

தாரணி,

இந்தக் கடிதத்தைக் கோப்பில் போடாதே. நகல் எடுக்காதே. படித்துவிட்டுக் கிழித்துப் போடு. நான் நன்றாக இல்லை, உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்தப் பாட்டு அதில் இருப்பதையே மறந்துபோனேன். நம் திலீப்தான். என் பிள்ளைதான். போதைப்பொருள் வழக்கில் அவனுக்குத் தண்டனை சொன்ன அன்றைக்கு நீதிமன்றத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரி, “மகன் எங்கக்கா, ஆளையே காணோம்?” என்றாள். எனக்கு மகன் இல்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்து சமையலறைக் கதவைச் சாத்தினேன். பாட்டு வந்துவிட்டது. புதுப் பாட்டு வந்தால் பதிவுப் பொத்தானை அழுத்துகிற பழக்கம், கை அதுபாட்டுக்கு அழுத்திவிட்டது. வீட்டுக்குள் பாடினேன். உயிரோடு இருக்கிறவன் பேரைப் போட்டுப் பாடினேன். மீறியதே இல்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய். அவன் செத்துவிட்டான் என்று வைத்து அழுதபோதுதான் எனக்கு மூச்சே திரும்பியது.

மறுநாளிலிருந்து நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. எழுதவில்லை. செத்தவனை யார் போய்ப் பார்ப்பார்கள்? மூன்று வருடம் அப்படியே இருந்துவிட்டேன் தாரணி. அவனைப் பார்க்கப் போகிறவர்கள் யாரும் என் வாசல்படி ஏறக் கூடாது என்று உன்னிடமும் வேலாயுதத்திடமும் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா?

அவன் இந்த வருடம் வெளியே வருகிறான். எனக்கு அவனைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவன் அந்தப் பாட்டைக் கேட்டால் நான் தீர்ந்தேன். அதை அழித்துவிடு. எழுதி வைத்ததையும் கிழித்துவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வயதில் மூத்தவள் கேட்கிறேன்.

முத்தாயி


உட்லண்ட்ஸ்
14 ஜூலை 2025

தாரணிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். ஏப்ரலில் நான் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. கடலோரத்தில் கேட்டபோது, “சரி அண்ணி” என்று மட்டும் சொன்னாய். அதுபோதும். எழுத்தில் வேண்டாம் என்று நினைத்திருப்பாய், விவரமானவள். இதையும் கோப்பில் போடாதே.

அடியே, திலீப் கடிதம் போட்டிருக்கிறான்! வெளியே வந்துவிட்டான். இப்போது, தண்டனையின் கடைசி மாதங்களில் தங்க வைக்கிற ஹாஃப்வே ஹவுஸில் இருக்கிறான், பகலில் ஏதோ கிடங்கில் வேலை, ஒழுங்காக இருந்தால் மாலையில் வெளியே போக அனுமதி உண்டாம். செப்டம்பர் பதினாலாம் தேதி முழுசாக விடுகிறார்கள். “வீட்டுக்கு வரலாமாம்மா?” என்று கேட்டிருக்கிறான். கேட்க வேண்டியதா அது! அன்றைக்கே பதில் எழுதிப் போட்டேன். அங்கே போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை. வீட்டில், என் கையால் மீன் குழம்பு வைத்து, அவன் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். கட்டில் புதுசு.

இன்னொன்று கேள். “உங்க கால் வலி எப்படிம்மா இருக்கு? நடக்க முடியாமத்தான் நீங்க வரலன்னு தெரியும், எனக்குக் கோபமே இல்ல” என்று எழுதியிருக்கிறான். எனக்கு எங்கே கால் வலி? காலையில் ஆயிரம் தட்டு தூக்குகிறேன். யாரோ அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நானும், ஆமாம் ராசா, இப்போது தேவலை என்று எழுதிவிட்டேன். சொன்னவர் எந்த மகராசியோ, நூறு வயது இருக்கட்டும். நீயாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நீ எங்கே அங்கெல்லாம் போகப் போகிறாய், உனக்கு உன் பள்ளிக்கூடமும் உன் கைப்பையும்தானே.

ஞாயிறு பார்ப்போம். இழுக்கிற இடத்தில் இன்னும் அவசரப்படுகிறாய்.

முத்தாயி


ஈசூன்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள். திலீப் வரப்போகிற சந்தோஷத்தில் உங்களுக்குச் சர்க்கரை ஏறாமல் இருக்க வேண்டும்.

மேடை செப்டம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை மாலை ஆறு மணி. முப்பத்தாறு பாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். எது என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டுக்குத் தலைப்பு வேண்டும் என்று திவ்யதர்ஷினி நச்சரிக்கிறாள். “ஒப்பாரிக்கு ஏதும்மா தலைப்பு?” என்றேன். “ப்ரோகிராம் புக்ல எம்ப்ட்டியா இருக்கும் ஆன்ட்டி” என்கிறாள். ‘மகனுக்கு’ என்று போடச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கட்டுத்திட்டத்தையும் அவளிடம் சொன்னேன். ஒப்பாரி முடியும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது என்று அறிவிப்பாளர் முதலிலேயே சொல்லிவிடுவார்.

உங்களுக்கு முதல் வரிசை. உங்கள் பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

தாரணி


உட்லண்ட்ஸ்
5 செப்டம்பர் 2025

என் தங்கமே தாரணி,

நீ சுகமா? நான் தரையில் நடக்கவில்லை. ‘மகனுக்கு’ என்று பார்த்ததும் ஒரு நிமிடம் பயந்தேன், பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் பாடியதும் அதில் நாலைந்து இருக்கிறதே என்று பிறகு நானே சிரித்துக்கொண்டேன்.

அந்த இன்னொரு நாற்காலி திலீப்புக்குத்தானே? எனக்குத் தெரியும்டி. நீ வாயைத் திறந்து சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். அவனும் எழுதியிருக்கிறான், “சனிக்கிழமை உங்களப் பார்க்கப் போறேன், எங்கேன்னு கேக்காதீங்க” என்று. வீட்டில் தனியாக எதிரெதிரே நின்றால் என்ன பேசுவது என்று பயந்துகொண்டிருந்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில், பாட்டுக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கூச்சம் போய்விடும். இதெல்லாம் உனக்குத் தோன்றியிருக்கிறது பார்.

இதைச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது. வேலாயுதம் சாவில் உன்னை வைத்துப் பாடியது தப்புதான். அத்தனை பேர் முன்னால் பாடியிருக்கக் கூடாது. ஆனால் ஒன்று, அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது நீ எங்கே போயிருந்தாய் என்று இன்றுவரை நீ சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் நான் ஏன் பாடப்போகிறேன்? சரி, விடு. பழசு.

பச்சைப் பட்டுச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். அவன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

உன் அண்ணி,
முத்தாயி


லிட்டில் இந்தியா
16 செப்டம்பர் 2025

மதிப்புக்குரிய திருமதி முத்தாயி அவர்களுக்கு,

வணக்கம் ஆன்ட்டி. சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் நீங்கள் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். உடல்நலம் சரியில்லையோ என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் கவலை. போன் எடுக்காததால் இந்தக் கடிதம்.

எல்லாருமே சொல்வது ஒன்றுதான். அன்றைக்கு எட்டுக் கலைகளில் ஒப்பாரிதான் சூப்பர். தாரணி ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து, நிறுத்தாமல் ஒன்பது நிமிடம் பாடினார்கள். எனக்கு இந்த வரிகள் இன்னும் காதிலேயே இருக்கின்றன.

அஞ்சு வயசுல அரிச்சுவடி சொன்ன வாயே
ஆத்தா கைச் சோத்துக்கு ஓடி வந்த மகராசா
வாசல்ல செருப்பிருக்கு, மாட்டிப் போகக் காலில்லையே
என் திலீப்பு ராசாவே, தீயில போனியே

பாடுவதற்கு முன், “இது என் அண்ணி முத்தாயி பாடியது, ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை” என்று தாரணி ஆன்ட்டி சொன்னார்கள். அது உங்கள் மகனுக்குப் பாடியது என்று முடிந்த பிறகுதான் சொன்னார்கள், உங்கள் மகன் இறந்தது எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி. எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். விண்ணப்பத்தில் எங்குமே நீங்கள் குறிப்பிடவில்லை.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் யார் என்று விசாரிக்கிறார்கள். பேர் வந்ததும் எழுந்து நின்றவர் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். நீங்களும் எழுந்து கையை நீட்டினீர்கள், பிறகு உட்கார்ந்துவிட்டீர்கள். பாட்டு முடிந்ததும் அவர் உங்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வெளியே போனார். நடிப்பு என்று நினைத்துப் பலர் கைதட்டினார்கள். எங்கள் தலைவர்கூட, “வெரி மூவிங், யார் ஏற்பாடு?” என்று கேட்டார். அவருடைய தொடர்பு எண் இருந்தால் அனுப்புங்கள், அடுத்த ஆண்டு மறுபடி செய்யலாம்.

மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தை இணைத்திருக்கிறேன். பத்துக்கு எத்தனை என்று மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால் போதும்.

நல்லா ரெஸ்ட் எடுங்க ஆன்ட்டி.

அன்புடன்,
திவ்யதர்ஷினி


உட்லண்ட்ஸ்
20 செப்டம்பர் 2025

தாரணி,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை. நீ நாசமாகப் போ.

அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்று வருடம் கழித்து என் பிள்ளை கை. கிடங்கில் வேலை செய்து காய்த்துப் போயிருந்தது. நீ முதல் அடி எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை, “அத்தை நல்லாப் பாடுறாங்கம்மா” என்று என் காதில் சொன்னான். அப்புறம் பேர் வந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

நான் எழுந்தேன். நிறுத்துடி என்று கத்த வாயைத் திறந்தேன். உயிரோடு நிற்கிற என் பிள்ளை பேரை நீ போட்டாகிவிட்டது. பாதியில் நிறுத்தினால் அது அவன் மேலேயே தொங்கும் என்பது என் புத்தியில் ஏறிப்போன பயம். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். நீ முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன். ஒன்பது நிமிடமாம். அந்தப் பெண் எழுதியிருக்கிறாள்.

மறுநாள் பதினாலாம் தேதி மீன் குழம்பு வைத்தேன். அவன் வரவில்லை. ஹாஃப்வே ஹவுஸில் கேட்டால் காலையிலேயே போய்விட்டான் என்கிறார்கள். உன் வீட்டில் இருக்கிறானா? இருந்தால் அதையாவது சொல். அவன் பத்திரமாக இருந்தால் போதும்.

மதிப்பீட்டுத் தாளில் பத்துக்குப் பத்து போட்டு அனுப்பிவிட்டேன். ஓர் இடத்திலும் உனக்கு மூச்சு தப்பவில்லை.

முத்தாயி


ஈசூன்
12 அக்டோபர் 2025

அண்ணிக்கு,

நான் நன்றாக இல்லை. நீங்களும் நன்றாக இருக்க மாட்டீர்கள். நிதியத்துக்கு எழுத வேண்டிய கடிதங்கள் முடிந்துவிட்டன, இது நமக்கு மட்டும்.

நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்டீர்கள். இரண்டு முறை கேட்டீர்கள். ஒருமுறை கடிதத்தில், ஒருமுறை என் புருஷன் பெட்டிக்கு முன்னால்.

நான் உங்கள் மகனைப் பார்க்கப் போயிருந்தேன்.

நீங்கள் அவனைத் தலைமுழுகிய பிறகு முடிந்த மாதமெல்லாம் நானும் உங்கள் தம்பியும்தான் போனோம். உங்களுக்குத் தெரியக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், அக்கா மனசு உடையும் என்று. அன்றைக்கு இரண்டு பேரும் போவதாக இருந்தது. காலையிலேயே நெஞ்சு எரிகிறது என்றார். “நீ போயிட்டு வா, பையன் காத்துக்கிட்டு இருப்பான்” என்று என்னை அனுப்பிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து திலீப் முதலில் கேட்டது, “அம்மா வரலையா அத்தை?” என்றுதான். உங்களுக்குக் கால் வலி என்றேன். அந்த மகராசி நான்தான். நான் உங்களுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் தரையில் கிடந்தார்.

நான் வந்து கதவைத் திறந்தேன். அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள். எந்தத் தெருவில் ஊர் சுற்றப் போனாள் என்று பாடினீர்கள். ஒப்பாரிக்கு எதிர்ப்பேச்சுக் கூடாது. செத்துக் கிடக்கிற மனிதருக்குக் கொடுத்த சத்தியமும் இருந்தது. நான் மரக்கட்டையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு லிஃப்டில், கோயிலில், சந்தையில் என் முதுகுக்குப் பின்னால் அந்த நாலு அடியை முணுமுணுத்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் உங்கள் பாட்டையே கற்றுக்கொண்டுதான் சொல்ல முடியும் என்று பட்டது. அதற்குத்தான் வந்தேன். ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்தபோது அழித்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். செப்டம்பரில் நீங்கள் மன்னிப்புக் கேட்டபோதும் நினைத்தேன். அந்தக் கடிதத்திலேயே மறுபடியும் எங்கே போயிருந்தாய் என்று கேட்டீர்களே, அண்ணி. அதோடு என் மனசு இறுகிவிட்டது.

மேடையில் பாடும்போது எனக்கு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் நன்றாக இருந்தது. அப்புறம் திலீப் முகத்தைப் பார்த்தேன்.

அவன் என் வீட்டில் இல்லை. வருவான் என்றுதான் நினைத்திருந்தேன். என் போனையும் எடுப்பதில்லை. ஒரே ஒரு செய்தி அனுப்பினான். “மூணு வருஷம் இதுக்காகவா வந்தீங்க அத்தை?”

உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள்.

தாரணி


முகவரி இல்லை
2 நவம்பர் 2025

அம்மாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? கால் வலியெல்லாம் எப்பவுமே இல்லன்னு அத்தை மெசேஜ்ல சொல்லிட்டாங்க. நல்லது, அத நெனச்சுத்தான் உள்ள ரொம்பக் கவலப்பட்டுட்டு இருந்தேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேலை இருக்கு, ரூம் இருக்கு, கூட ரெண்டு பேர் இருக்காங்க. தப்பு வழிக்குப் போகல. அத நெனச்சுப் பயப்பட வேணாம்.

தமிழ்ல லெட்டர் எழுத எனக்குச் சரியா வராது. ஆனா இத இங்கிலீஷ்ல சொல்ல முடியலம்மா.

தீபாவளிக்கு உங்க புளோக்குக்குக் கீழ வரைக்கும் வந்தேன். நம்ம வீட்டு ஜன்னல்ல லைட் எரிஞ்சுது. மேல ஏறல.

அந்தப் பாட்ட நான் முழுசா நின்னு கேட்டேன். நடுவுல போயிருக்கலாம், போகல. ஏன்னா என்னப் பத்தி நீங்க அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்ல. அஞ்சு வயசுல அரிச்சுவடி சொன்னேன்னு வருதே, நான் சொல்லலம்மா. ஏழு வயசு வரைக்கும் எனக்கு வரல, நீங்க கரண்டியால அடிச்சீங்க. உங்க கைச் சோத்துக்கு ஓடி வந்தேன்னு வருது. நான் பாதி நாள் வீட்டுக்கே வரல, அதுக்கு நீங்க சோத்த எடுத்து வச்சதும் இல்ல. நான் அப்படிப்பட்ட பையன்தான். தப்பு என் மேலதான், கேஸும் என் மேலதான். உங்களக் குத்தம் சொல்ல எழுதல.

செத்துட்டேன்னு பாடுனது எனக்குக் கோபமில்ல. உள்ள இருக்கிறவங்க நெறைய பேரோட வீட்டுல அப்படித்தான் சொல்லிக்கிறாங்க. எனக்குத் தாங்காதது வேறம்மா. அவ்வளவு ஆசைய வச்சுக்கிட்டு மூணு வருஷம் எனக்கு ஒரு வரி எழுதல. நான் உயிரோட, ஒரு எம்ஆர்டி ரயிலு, ஒரு பஸ்ல வந்துர்ற தூரத்துல இருந்தேன். ராசான்னு ஒரு தடவ வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொல்லியிருக்கலாம்.

அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கட்டில் வாங்கி வச்சிருக்கீங்கன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு நாள் யோசிச்சேன். நான் வந்தா உங்களுக்குக் கஷ்டம்மா. சிகரெட் குடிக்கிறேன், கத்துறேன், ராத்திரி தூக்கம் வர்றதில்ல. பாட்டுல இருக்கிறவன் அப்படி இல்ல. அவன் நல்ல பிள்ள. உங்களுக்குப் பிடிச்ச திலீப் அவன்தான்.

நீங்க அவனையே வச்சுக்குங்க.

திலீப்